லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அவருடைய வாரிசுகளும்

(வட்டத்தின் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாவலையும் கவிதையையும் பற்றிப் பேசுவதற்காகக் கூடும் ஓர் அவையில், டிரம்பெட் வாசித்த ஒருவரைப் பற்றிப் பேச எனக்கு இடம் தந்திருக்கிறீர்கள். இதற்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்னோடி, பாதிப்பு, மரபு, மீறல் என்னும் சொற்கள் நம் விவாதங்களில் அடிக்கடி வந்துபோகின்றன. ஒரு கலைஞன் தனக்குப் பின் வந்தவர்களை எவ்வாறு பாதிக்கிறான், அவர்கள் அவனுக்கு எவ்வகையில் கடன்பட்டவர்கள், அந்தக் கடனை ஒப்புக்கொள்ள ஏன் தயங்குகிறார்கள் என்பன நமக்குப் புதிய கேள்விகள் அல்ல. எழுத்தில் இவற்றுக்கு விடை காண்பது கடினம். ஜாஸ் இசையிலோ ஒரு வசதி இருக்கிறது. அங்கே சான்றுகள் ஒலித்தட்டுகளாகவே கிடைக்கின்றன. ஒரு மனிதர் ஒரு குழுவுக்குள் நுழைவதற்கு முன் அந்தக் குழு எப்படி வாசித்தது, அவர் வெளியேறிய பின் எப்படி வாசித்தது என்பதை நம் காதாலேயே கேட்டறியலாம். தவிரவும், அந்தக் கலைஞர்கள் தங்கள் முன்னோடியைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசியிருக்கிறார்கள். புகழ்ந்திருக்கிறார்கள், பழித்திருக்கிறார்கள், பழித்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டும் இருக்கிறார்கள்.

லூயி ஆம்ஸ்ட்ராங் 1901ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் தேதி, அமெரிக்காவின் தென்பகுதித் துறைமுக நகரமான நியூ ஆர்லியன்ஸில், மிக ஏழ்மையான கறுப்பினக் குடியிருப்பொன்றில் பிறந்தார். தாம் பிறந்தது 1900 ஜூலை 4 என்றே வாழ்நாள் முழுவதும் அவர் சொல்லிவந்தார். சரியான தேதி, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து தெரியவந்தது. தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போனவர். லித்துவேனியாவிலிருந்து குடியேறிய ஒரு யூதக் குடும்பத்தாரின் வண்டியில் பழைய சாமான் சேகரித்தும் கரி விற்றும் அச்சிறுவன் காசு சம்பாதித்தான். 1912 டிசம்பர் 31ஆம் நாள் இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் தெருவில் கைத்துப்பாக்கியை வெடித்ததற்காகக் கைதாகி, கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். அந்த இல்லத்தின் இசைக்குழுவை நடத்திய பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர்தான் அவன் கையில் கார்னெட்டைக் கொடுத்து முறையாகப் பழக்கியவர். டிரம்பெட்டைவிடச் சற்றுக் கட்டையானது அவ்வாத்தியம். 1920களின் நடுப்பகுதிக்குப் பின்னரே ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட்டுக்கு மாறினார்.

நியூ ஆர்லியன்ஸில் அவர் அண்ணாந்து பார்த்த கலைஞர் ஜோ ஆலிவர். ‘கிங்’ ஆலிவர் என்று ஊரார் அழைத்தார்கள். ஆம்ஸ்ட்ராங்குக்கு அவர் ‘பாப்பா ஜோ’. சிகாகோவுக்குச் சென்று குழு அமைத்த ஆலிவர், 1922இல் தம் சீடரை அங்கே வரவழைத்து இரண்டாம் கார்னெட் வாசிக்க வைத்துக்கொண்டார். 1923இல் அக்குழுவினர் இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் தங்கள் முதல் ஒலித்தட்டுகளைப் பதிவுசெய்தனர். மைக்ரோஃபோன் இல்லாத காலம். எல்லோரும் ஒரு பெரிய கூம்புக்கு முன் நின்று வாசிக்க வேண்டும். சீடரின் ஒலி குருவின் ஒலியை மூழ்கடித்துவிடும் என்பதால் ஆம்ஸ்ட்ராங்கைப் பல அடி தள்ளி அறையின் மூலையில் நிறுத்தினார்கள் என்று அக்குழுவின் பியானோக் கலைஞரும் பின்னர் ஆம்ஸ்ட்ராங்கின் மனைவியுமான லில் ஹார்டின் நினைவுகூர்ந்திருக்கிறார். நீ இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டியவன் அல்ல என்று வற்புறுத்தி, 1924இல் அவரைக் குருவிடமிருந்து பிரித்து நியூயார்க்குக்கு அனுப்பியவரும் அவரே.

இனி அவர் இசையில் செய்தது என்ன என்று பார்ப்போம். நியூ ஆர்லியன்ஸ் இசை ஒரு கூட்டு இசை. கார்னெட் மெட்டைச் சொல்ல, கிளாரினெட் அதைச் சுற்றிக் கொடிபோல் படர, டிராம்போன் கீழிருந்து தாங்கும். எவரும் நெடுநேரம் தனித்து நிற்பதில்லை. ஆம்ஸ்ட்ராங் இந்த அமைப்பின் நடுவில் ஒரு தனி மனிதனின் கற்பனையை நிறுத்தினார். இது முதலாவது. இரண்டாவது, காலம். தாளத்தின் தட்டில் விழ வேண்டிய சுரத்தைச் சற்றே தாமதித்தும், சில வேளை முந்தியும் வைத்து, தாளம் தன் போக்கில் ஓட மெட்டு அதன்மேல் மிதந்து செல்லும்படி செய்தார். ‘ஸ்விங்’ என்று பின்னர் பெயர் பெற்ற அசைவின் உயிர்நிலை இதுதான். மூன்றாவது, கட்டமைப்பு. அவருடைய தனி வாசிப்பு அலங்காரங்களின் கோவையன்று. சிறிய சொற்றொடரில் தொடங்கி, அதை மீட்டும் மாற்றியும் சொல்லி, ஓர் உச்சத்தை அடைந்து இறங்கும் கதை போன்றது. மனோதர்மத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு இதன் அருமை எளிதில் புலப்படும். ராகம் தெரிந்திருப்பது ஒன்று, ராகத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரிந்திருப்பது வேறு.

நியூயார்க்கில் அவர் சேர்ந்தது ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் நடனக் குழு. படித்தவர்கள், நன்றாக உடுத்துபவர்கள், சுரக்குறிப்பைப் பார்த்துப் பிசகாமல் வாசிப்பவர்கள். நியூ ஆர்லியன்ஸ் பேச்சும் கட்டைச் சப்பாத்துமாக வந்து நின்றவரைப் பார்த்து முதலில் நகைத்தார்கள். ஓர் ஆண்டில் அக்குழுவின் நடையே மாறிவிட்டது. டான் ரெட்மனின் இசைக்கோவைகள் இறுக்கம் தளர்ந்தன. கோல்மன் ஹாக்கின்ஸ் என்ற இளைஞர் டெனர் சாக்ஸபோனை வாசிக்கும் முறை மாறத் தொடங்கியது. ஜாஸில் அந்த வாத்தியத்துக்கு ஒரு மொழியை அமைத்தவர் அவரே. அந்தக் குழு 1925இல் பதிவுசெய்த ‘சுகர் ஃபுட் ஸ்டாம்ப்’ என்னும் தட்டில் ஆம்ஸ்ட்ராங் வாசிப்பது, 1923இல் ஆலிவர் வாசித்த அதே தனி வாசிப்பு. நியூயார்க்கின் மேட்டிமைக்கு நடுவே நின்று தம் குருவின் பாடத்தையே அவர் ஒப்பித்தார். 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் பதிவான ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ அவருடைய தலைசிறந்த பதிவு என்று பலரும் கருதுவர். கால் நிமிடம்கூட நீடிக்காத தொடக்கத் தனிவாசிப்பு, ஜாஸ் ஒரு தீவிரக் கலை என்பதற்குப் போதுமான சான்று. அந்த உருப்படியும் ஜோ ஆலிவர் இயற்றியதே.

வாரிசுகளில் முதல் வகையினர் நகல் எடுத்தவர்கள். ஹெண்டர்சன் குழுவில் ஆம்ஸ்ட்ராங்கின் இடத்துக்கு 1926இல் வந்த ரெக்ஸ் ஸ்டூவர்ட், தாம் அவரைப்போல் நடக்கவும் பேசவும் உண்ணவும் உறங்கவும் முயன்றதாகவும், அவர் அணிந்ததைப் போன்ற பெரிய சப்பாத்துகளை வாங்கியதாகவும் எழுதியிருக்கிறார். அந்த நாற்காலிக்குத் தாம் தகுதியற்றவர் என்ற உணர்வு தாங்காமல் குழுவைவிட்டு விலகவும் செய்தார். பின்னர் டியூக் எலிங்டனிடம் சேர்ந்து தமக்கென ஒரு பாணியைக் கண்டடைந்தார். ராய் எல்ட்ரிட்ஜின் கதை வேறு. வேகமே பெரிதென்று எண்ணியிருந்த அவர், 1932இல் ஆம்ஸ்ட்ராங்கை மேடையில் கேட்ட பின்னரே, ஒரு தனி வாசிப்பு படிப்படியாக உயர்ந்து உச்சம் தொட வேண்டும் என்பதை உணர்ந்தார். அந்த எல்ட்ரிட்ஜைப் பார்த்துப் பழகியவர்தான் டிஸ்ஸி கில்லெஸ்பி. கில்லெஸ்பியைத் தேடி நியூயார்க்குக்கு வந்தவர்களுள் ஒருவர் மைல்ஸ் டேவிஸ். ஆகவே ஆம்ஸ்ட்ராங்கை நேராகக் கேட்காத தலைமுறைகளிலும் அவர் மூச்சு கலந்திருக்கிறது.

பாடகர்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கரகரத்த குரல் அவருடையது. 1926இல் வெளிவந்த ‘ஹீபி ஜீபீஸ்’ பதிவில் சொல்லை விட்டுவிட்டுப் பொருளற்ற ஒலிகளால் வாத்தியம் போலப் பாடினார். டிரம்பெட்டில் செய்ததையே குரலிலும் செய்தார் என்பதுதான் முக்கியம்: மெட்டை உடைத்து, தாளத்துக்குப் பின்தங்கி, பேசுவது போலப் பாடுவது. பிங் கிராஸ்பி அதைக் கற்றுக்கொண்டார். பால்டிமோரில் ஒரு விலைமகளிர் இல்லத்தில் எடுபிடி வேலை செய்துவந்த சிறுமி, அங்கிருந்த கிராமஃபோனில் ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ கேட்டாள். அவள்தான் பில்லி ஹாலிடே. நம் நாட்டில் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரம் ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் வாய்ப்பாட்டில் எதிரொலித்ததை நினைத்துப் பார்த்தால், வாத்தியம் குரலுக்குப் பாடம் சொல்வது நமக்கு வியப்பாக இராது.

இரண்டாம் வகையினர் மறுத்தவர்கள். இந்த உரையின் மையம் இவர்களே.

1940களில் கில்லெஸ்பியும் சார்லி பார்க்கரும் அவர்களையொத்தவர்களும் ‘பீபாப்’ என்னும் புதிய இசையை உருவாக்கினர். கடினமான இசை, நடனமாட முடியாத இசை. நாங்கள் கலைஞர்கள், உங்களை மகிழ்விக்கும் வேலைக்காரர்கள் அல்லர் என்ற பிரகடனம் அதில் இருந்தது. அவர்களுக்கு ஆம்ஸ்ட்ராங்கின் மேடைத் தோற்றம் பெரும் சங்கடமாக இருந்தது. அகன்ற சிரிப்பு, உருட்டும் கண்கள், கையில் வெள்ளைக் கைக்குட்டை. வெள்ளையரின் ஹாலிவுட் படங்களில் அவர் ஏற்ற வேடங்கள் அந்தச் சங்கடத்தை வளர்த்தன. 1949இல் தம் சொந்த ஊரின் திருவிழாவில் ‘ஜூலு அரசர்’ வேடம் பூண்டு, முகத்தில் கரியும் வெள்ளையும் தீட்டிக்கொண்டு அவர் ஊர்வலம் வந்தார். நியூ ஆர்லியன்ஸ் ஏழைகளுக்கு அது பெரிய கௌரவம். வடக்கே இருந்த இளைஞர்களுக்கு அது அவமானம். அந்த ஆண்டிலேயே கில்லெஸ்பி, தோட்ட அடிமைக் காலத்துப் பாத்திரம் என்ற பொருள்பட அவரை அச்சில் ஏசினார். வாசிப்பை மிகவும் நேசிப்பதாகவும் அந்தச் சிரிப்பை வெறுப்பதாகவும் மைல்ஸ் டேவிஸ் கூறினார். எஜமானர்களின் மனம் கோணாமல் நடக்கும் கறுப்பரைக் குறிக்கும் ‘அங்கிள் டாம்’ என்ற வசைச்சொல் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. ஆம்ஸ்ட்ராங்கும் சும்மா இருக்கவில்லை. பீபாப்காரர்களின் இசையில் மெட்டும் இல்லை, ஆடத் தாளமும் இல்லை என்று கேலிசெய்தார்.

இந்தக் கண்டனத்தைப் பொய் என்று தள்ளிவிடலாகாது. இளைஞர்களின் கோபம் நியாயமானது. கறுப்பினக் கலைஞன் சிரித்தால்தான் அவனைச் சகித்துக்கொள்வேன் என்று சொன்ன ஒரு சமூகம் அது. சிரிக்க மறுப்பதே அவர்களுக்கு விடுதலையாக இருந்தது. ஆனால் ஒருவன் சிரிக்கிறான் என்பதனாலேயே அவன் உள்ளே வேறொன்றும் இல்லை என்று முடிவுகட்டியதில்தான் கோளாறு நேர்ந்தது.

சில நிகழ்ச்சிகளைக் கூறுகிறேன். 1929இல் ஒரு நாடகத்துக்காக எழுதப்பட்ட ‘பிளாக் அண்ட் புளூ’ என்னும் பாடல், கறுத்த நிறத்தால் காதலில் புறக்கணிக்கப்பட்ட பெண்ணொருத்தியின் புலம்பல். ஆம்ஸ்ட்ராங் அதன் முன்பகுதியை விட்டுவிட்டு, எஞ்சியதை ஓர் இனத்தின் கேள்வியாக மாற்றிப் பாடினார். 1956இல் ஆப்பிரிக்காவின் அக்ரா நகரில், விரைவில் கானா என விடுதலை பெறவிருந்த நாட்டின் பிரதமர் குவாமே நிக்ருமாவின் முன் அதைப் பாடினார். அதே 1956இல் லூசியானா மாநிலம், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் ஏறுவதைத் தடைசெய்தது. இரு இனத்தவரும் கலந்த தம் குழுவைப் பிரிக்க மறுத்த ஆம்ஸ்ட்ராங், தாம் பிறந்த ஊரில் வாசிப்பதையே நிறுத்திக்கொண்டார். மீண்டும் அங்கே அவர் வாசித்தது 1965இல்.

1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், ஒன்பது கறுப்பின மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையாதபடி ஆளுநர் ஃபாபஸ் படையை நிறுத்தினார். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் தயங்கிக்கொண்டிருந்தார். அம்மாதம் 17ஆம் தேதி வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில், ஓர் இளம் நிருபரிடம் ஆம்ஸ்ட்ராங் வெடித்துவிட்டார். தலைவருக்கு நெஞ்சுரம் இல்லை என்றார். ஆளுநரைக் கடுமையாக ஏசினார். தெற்கே தம் மக்களை இவ்வாறு நடத்தும் அரசின் சார்பில் சோவியத் நாட்டுக்குப் பயணம் போக முடியாது என்றார். எழுதிய செய்தியை அவரிடம் காட்டியபோது, ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்று ஒப்புதல் தந்தார். செய்தி நாடெங்கும் பரவியது. அவருடைய நிகழ்ச்சிகளைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அவர் தம் சொல்லிலிருந்து பின்வாங்கவில்லை. 24ஆம் தேதி ஐசன்ஹோவர் மத்தியப் படையை அனுப்பினார். ஆம்ஸ்ட்ராங்கின் பேச்சு அதற்குக் காரணம் என்று கூறுவது மிகை. ஆனால் இழப்பதற்கு நிறைய வைத்திருந்த ஒரு மனிதர், தம்மை ஏளனம் செய்த பலர் வாய்திறக்காத வேளையில் வாய்திறந்தார் என்பது மிகையன்று.

கில்லெஸ்பி தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இருவரும் நியூயார்க்கின் கொரோனா பகுதியில் அருகருகே வசித்தவர்கள், நண்பர்களானார்கள், 1959இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்து வாசித்தார்கள். 1970இல் நியூபோர்ட் விழாவில் ஆம்ஸ்ட்ராங்குக்குப் பாராட்டு நடந்தபோது கில்லெஸ்பி அவருக்காக வாசித்தார். 1979இல் வெளிவந்த தம் சுயசரிதையில், இனவெறிக்கு முன் பல்லிளிப்பதாகத் தாம் எண்ணியது, எதுவும் தன் மகிழ்ச்சியைப் பறித்துவிட இடங்கொடாத உறுதியே என்று எழுதினார். அதை உணர்வதற்குத் தாமும் முதிர வேண்டியிருந்தது என்பதே அவருடைய விளக்கம். மைல்ஸ் டேவிஸோ, டிரம்பெட்டில் நவீனமாக எதை வாசித்தாலும் அதை ஆம்ஸ்ட்ராங் முன்பே வாசித்திருப்பார் என்றார். நியூ ஆர்லியன்ஸில் 1961இல் பிறந்த வின்டன் மார்சாலிஸ், இளமையில் ஆம்ஸ்ட்ராங்கைப் பொருட்படுத்தவில்லை. தந்தை அனுப்பிய ஒரு பதிவைக் கேட்டு வாசித்துப் பார்த்தபோதுதான், அது தம்மால் இயலவில்லை என்று கண்டார். உதடும் மூச்சும் சொன்ன விமர்சனம் அது.

நடிகர் ஆஸி டேவிஸ் சொன்னதையும் இங்கே சேர்க்க வேண்டும். அவரும் இளமையில் ஆம்ஸ்ட்ராங்கைக் கேலிசெய்தவர். 1966இல் வெளிவந்த ஒரு படத்தில் இருவரும் நடித்தனர். படப்பிடிப்பின் இடைவேளையில், ஆம்ஸ்ட்ராங் தனியே அமர்ந்து எங்கோ வெறித்துக்கொண்டிருப்பதை டேவிஸ் கண்டார். அந்த முகத்தில் இருந்த துயரம் அவரை நிறுத்திவிட்டது. ஆளைக் கண்டதும் ஆம்ஸ்ட்ராங் சட்டெனத் தம் வழக்கமான சிரிப்புக்குள் புகுந்துகொண்டார். அதன்பின் தாம் அவரைக் கேலி செய்யவில்லை என்றார் டேவிஸ்.

மூன்றாம் வகை வாரிசுகள் ஒன்றும் வாசிக்காதவர்கள். ரசிகர்கள். இவர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். 1931 அக்டோபரில் டெக்ஸாஸின் ஆஸ்டின் நகரில், டிரிஸ்கில் ஹோட்டலில் நடந்த நடன நிகழ்ச்சிக்கு 16 வயது வெள்ளை இளைஞன் ஒருவன் சென்றான். அவனுக்கு ஜாஸ் தெரியாது. பெண்கள் வருவார்கள் என்பதற்காகவே சென்றான். கறுப்பரை ஏவலாட்களாக அன்றி வேறெந்த நிலையிலும் அவன் பார்த்ததில்லை. அன்று மேடையில், கண்களை மூடி வாசித்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பரிடம் முதன்முறையாக மேதைமையைக் கண்டான். தன் சூழல் அதுவரை சொல்லித்தந்த அனைத்தும் அந்த ஒலியின் முன் நிற்கவில்லை. அவன் பெயர் சார்லஸ் பிளாக். பின்னாளில் புகழ்பெற்ற அரசியல் சட்ட அறிஞராகி, பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டவிரோதம் என்று 1954இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பிரவுன் வழக்கில், கறுப்பினத்தார் தரப்பு வாதத்தைத் தயாரித்தவர்களுள் ஒருவரானார். அந்த வழக்கை நோக்கித் தாம் நடக்கத் தொடங்கியது அன்றிரவுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். கொலம்பியாவிலும் யேலிலும் பேராசிரியராக இருந்தபோது, ஆண்டுதோறும் ஒரு மாலை மாணவர்களைக் கூட்டி ஆம்ஸ்ட்ராங்கின் தட்டுகளைக் கேட்கச் செய்தார். லிட்டில் ராக்கில் ஒன்பது மாணவர்கள் கோரிய உரிமை அந்தத் தீர்ப்பு தந்ததே என்பதை நினைத்துப் பாருங்கள். ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட் தான் அறியாமலே எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது!

அது நம் நாட்டுக்கும் வந்தது. கோவாவைச் சேர்ந்த அந்தோனியோ சேவியர் வாஸ், சிக் சாக்கலேட் என்ற மேடைப் பெயரில் பம்பாய் ஹோட்டல்களில் டிரம்பெட் வாசித்தார். இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்று அவரை அழைத்தார்கள். 1951இல் வெளிவந்த ‘அல்பேலா’ படத்தில் இசையமைப்பாளர் சி. ராம்சந்திராவுடன் அவர் பணியாற்றினார். பின்னர் ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னுக்கு இசையமைத்த அதே ராம்சந்திராதான்.

ஆம்ஸ்ட்ராங் 1971 ஜூலை 6ஆம் தேதி, கொரோனாவில் இருந்த தம் எளிய வீட்டில் காலமானார். 600க்கும் மேற்பட்ட ஒலிநாடாச் சுருள்களை அவர் விட்டுச்சென்றிருந்தார். இசையும் வேடிக்கைப் பேச்சும், மேடையில் காட்டாத கோபமும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. 2003 முதல் அவ்வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது.

நண்பர்களே, இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை இரண்டு என்று தோன்றுகிறது. பாதிப்பு ஆழமாகும்போது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஒருவர் புகுத்திய நடை எல்லோருக்கும் பொதுவான இலக்கணமாகிவிட்ட பிறகு, அது ஒருவர் புகுத்தியது என்பதே மறந்துபோகிறது. அவரைப் பழமை என்று ஏசுகிறவனும் அவர் தந்த மொழியில்தான் ஏசுகிறான். இது முதலாவது.

இரண்டாவது, முன்னோடியை மறுக்கும் உரிமை பின்வருகிறவனுக்கு உண்டு. மறுக்காமல் எந்தக் கலையும் நகர்ந்ததில்லை. கில்லெஸ்பி மறுத்திராவிட்டால் பீபாப் பிறந்திராது. ஆனால் படைப்பை மறுப்பது வேறு, மனிதனை இகழ்வது வேறு. முன்னதற்குப் பயிற்சி வேண்டும். பின்னதற்கு ஒன்றும் வேண்டியதில்லை. நம் விமர்சனங்களில் இவ்விரண்டும் கலந்துபோகும் இடங்களை நீங்களே அறிவீர்கள்.

ஜோ ஆலிவரின் கடைசிக் காலத்தைச் சொல்லி முடிக்கிறேன். பல்நோயால் வாசிக்க இயலாமல், புகழிழந்து, ஜார்ஜியாவின் சவானா நகரில் ஒதுங்கினார் அவர். 1937இல் அவ்வூருக்குச் சென்ற ஆம்ஸ்ட்ராங், தம் குரு தெருவோரத்தில் காய்கறி விற்றுக்கொண்டிருப்பதைக் கண்டார். தம்மிடமும் குழுவினரிடமும் இருந்த பணத்தைத் திரட்டிக் கொடுத்தார். அன்று மாலை நல்ல உடையணிந்து தம் நிகழ்ச்சிக்கு வந்து நின்ற ஆலிவரைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார். அடுத்த ஆண்டு ஆலிவர் இறந்தார். அவரைத் தாம் எப்போதோ கடந்துவிட்டோம் என்பது ஆம்ஸ்ட்ராங்குக்குத் தெரியாததன்று. ஆயினும் தமக்கு எல்லாம் தந்தவர் பாப்பா ஜோ என்றே இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.